ஐந்தாவது திரி

கடல் கடந்து வந்த நாங்கள் ஸ்ட்ரெதமில் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா, ஐந்து ஸ்தாபகர்களும் குத்துவிளக்கில் ஆளுக்கொரு திரியை ஏற்றுவதோடுதான் தொடங்கும். விளக்குக்கு ஐந்து முகம், அதனால் ஸ்தாபகர்களும் ஐந்து பேர். ஆறாவதாக ஒருவர் இருந்திருக்கலாம் என்றால், பித்தளையோடு யார் வாதாடுவது?

அந்த ஆறாவது ஆள் என் அக்கா. உண்மையில் முதலாவது ஆள். ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முடித்து வந்த களைப்போடு, தன் வீட்டு முன்னறையில் அயல் பிள்ளைகளை இருத்தி ‘அ’ எழுதப் பழக்கியவள். மற்ற ஐவரும் வந்தது கமிட்டி அமைக்க. அமைத்த பின் பெரிய மனது பண்ணி அவளுக்கும் ஒரு பொறுப்புக் கொடுத்தார்கள், விழாவுக்குச் சிற்றுண்டியாக ரோல்ஸ் பொரிப்பது. விளக்கைத் துலக்கித் திரி போட்டு எண்ணெய் விடுவதும் அவள்தான்.

“ஒருக்காவாவது நானும் ஒரு திரியைக் கொளுத்தினா என்ன குறைஞ்சு போயிடும்?” என்று ஒருமுறை என்னிடம் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

போன வருடம் ஐவரில் ஒருவர் கோபித்துக்கொண்டு நகரின் மறுகோடியிலுள்ள எட்மண்டனில் தனிப் பள்ளி தொடங்கினார். காரணம் கொள்கை என்றார்கள். மேடையின் நடு நாற்காலி என்பது என் தாழ்மையான கருத்து. எப்படியோ ஒரு திரி காலியானது. அதை அக்காவுக்குக் கொடுங்கள் என்று தலைவரிடம் போய்க் கேட்டேன்.

“அது ஸ்தாபகரின்ரை இடம், தம்பி. கண்டபடி ஆரையும் விட ஏலாது. ஏத்தாமல் விடுறதுதான் அவருக்கு மரியாதை,” என்றார். முதல் நாள்வரை அந்த மனிதரைத் துரோகி என்று திட்டித் தீர்த்தவரும் இவரேதான்.

அந்த விழாவின் நாடகம் என் பொறுப்பில் இருந்தது. கிரேக்கக் கதை என்றதும் கமிட்டி முகம் சுளித்தது. “காட்மஸ் என்று ஒருவன். கடல் கடந்து போய் அந்நிய மண்ணில் தீப்ஸ் நகரைக் கட்டினவன். கிரேக்கருக்கு எழுத்தையே அவன்தான் கொண்டுபோய்க் கொடுத்தவனாம்,” என்றேன். ஆளாளுக்குச் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டார்கள். மீதிக் கதையை ஒருவரும் கேட்கவில்லை.

மீதிக் கதை இதுதான். காட்மஸ் ஒரு பெரும் பாம்பைக் கொன்று அதன் பற்களை நிலத்தில் விதைக்கிறான். ஆயுதமும் கையுமாக ஆட்கள் முளைக்கிறார்கள். முளைத்த கையோடு ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கிறார்கள். மிஞ்சுவது ஐந்து பேர். ஊரின் பெருங்குடிகள் பின்னர் அவர்கள்தான். காட்மஸின் தாய் தெலெஃபாசாவோ, தொலைந்த மகளைத் தேடி அவனோடு கூடவே அலைந்து, நகரம் எழும்புவதற்கு முன்பே வழியில் செத்துப்போனவள். அவளை யாருக்கும் தெரியாது. நான் கடைசிக் காட்சியை அவளுக்குக் கொடுத்தேன். மட்டை வாள்களோடு ஐவரும் விறைத்து நிற்க, அந்த வேடம் போட்ட சிறுமி நடுவில் வந்து, “நானும் உங்களோடு வந்தேன், ஒருவருக்கும் நினைவில்லையா?” என்று கேட்டாள்.

முன்வரிசை வெட்கித் தலைகுனியும் என்று காத்திருந்தேன். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். “எங்கடை பள்ளிக்கூடத்தின்ரை கதையை இவ்வளவு உருக்கமா எழுதின தம்பிக்கு நன்றி,” என்றார். வெட்டுப்பட்டவர்கள் யாரென்று அவர் நினைத்தாரோ, எனக்குத் தெரியாது.

பிறகு சமையலறையில் நின்ற அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார். நாடகம் வேலை செய்துவிட்டது என்றே நம்பினேன்.

“வருசா வருசம் ரோல்ஸ் பொரிச்சுத் தாற எங்கடை தங்கச்சிக்கு,” என்று சொல்லி ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது.

அக்கா பொன்னாடையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டாள். மேடையை விட்டு இறங்கவில்லை. நேரே விளக்கடிக்குப் போய், எரிந்துகொண்டிருந்த நான்கு திரிகளில் ஒன்றில் மெழுகுதிரியைப் பிடித்து, ஐந்தாவதைக் கொளுத்தினாள்.

“தங்கச்சி, அது ஸ்தாபகரின்ரை திரி,” என்றார் தலைவர், மைக்கை மூடவும் மறந்து.

“ஓம், தெரியும்,” என்றாள் அக்கா. “அதுதான் ஏத்தினனான்.”