கொய் தியோ சாப்பிட்ட பௌர்ணமி

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு யாராவது வழி கேட்டால், "மலேசியாக்காரி வூடா? நேரா போங்க" என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். வாசலில் கருங்கல்லில் பொறித்திருப்பது அப்பாவின் பெயர். கல்லுக்குக் காசு கொடுத்தது மலேசியாக்காரி.

அவள் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. கட்டிக்கொண்டவர் இரண்டே வருஷத்தில் வேறொருத்தியோடு போய்விட, அப்பா ஓர் ஏஜெண்டைப் பிடித்து அவளை ஈப்போவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவைத்தார். நான் அப்போது கைக்குழந்தை. போன இடத்தில் ஒரு சீனக் குடும்பம். வீட்டு வேலைக்கென்று கூப்பிட்டவர்கள் காலையிலிருந்து மத்தியானம் வரை தங்கள் காப்பிக்கடையிலும் அவளை நிற்கவைத்தார்கள். ஒன்பது வருஷம். அதில் எங்களுக்கு மனை வந்தது, வீடு வந்தது, அப்பாவுக்கு பைக் வந்தது. அத்தை மட்டும் வரவில்லை.

ஒருவழியாக வந்தபோது எனக்குப் பத்து வயது. மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் செண்ட், தைலம், சங்கிலி என்று கொண்டுவருவார்கள். அத்தை பெட்டியைத் திறந்து, புடவையில் சுற்றியிருந்த ஒரு கறுத்த இரும்புச் சட்டியை எடுத்தாள். கூடவே காகிதத்தில் பொட்டலம் கட்டிய ஒரு கட்டி. இறாலை உப்புப் போட்டு இடித்துக் காயவைத்ததாம், பெலாச்சான் என்று பெயராம். திறந்ததும் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சட்டியத் தூக்கினு வர்றதுக்கா ஏரோப்ளேன்?" என்றாள். அன்று சாப்பிடும்போது அத்தை, "இனிமே நான் போமாட்டேண்ணா. இங்கயே மீ கடை வெக்கப் போறேன்" என்றாள். அப்பா பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவினார். அவருக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று நினைத்தேன்.

மீ என்றால் நூடுல்ஸ். கலெக்டர் ஆபீசுக்குப் போகிற ஜனமெல்லாம் எங்கள் தெருவைத்தான் தாண்டிப் போகும். முன்னறைச் சுவரை இடித்து ஷட்டர் போட்டால் போதும், நான்கு மேசை, ஒரு அடுப்பு, காப்பிக்கு ஒரு துணிவடிகட்டி என்று அத்தை கணக்காகச் சொன்னாள். அவள் கட்டிய வீட்டில் அவள் கேட்டது ஒரே ஒரு அறை. முடியாது என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. "பாக்கலாம்" என்றார். அத்தை அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அடுப்பை மூட்டிவிட்டாள்.

அந்த ஒரு மாதத்தைப்போல நான் பிறகு எந்த நாளிலும் சாப்பிட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பின்கட்டில் எனக்காக ஒரு தட்டு காத்திருக்கும். பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, எண்ணெய் தடவிய தட்டில் மெல்லிசாக ஊற்றி, இட்லிப் பானையில் அவித்து எடுப்பாள். ஈரத்துணியை உரிப்பதுபோல உரித்துச் சுருட்டி விரல் அகலத்துக்கு நறுக்கினால், அதுதான் கொய் தியோ. சட்டி புகைகிற அளவுக்குக் காய்ந்ததும் பூண்டு, எறா, முட்டை, தானே முளைகட்டிய பச்சைப்பயறு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு நான்கே புரட்டு. வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். போகிற போக்கில் லேசாகக் கருகின வாசனையை நாக்கில் விட்டுவிட்டுப் போகும். அடேயப்பா, நினைத்தால் இப்போதும் எச்சில் ஊறுகிறது.

ஒருநாள் மீனை வேகவைத்து உதிர்த்து, புளி கரைத்து, புதினாவும் அன்னாசித் துண்டும் போட்டு பினாங்கு லக்சா என்று ஒரு மீன்சாற்று மீ செய்தாள். உறைப்பும் புளிப்பும் சேர்ந்து மூக்கில் தண்ணீர் ஊற்றியது. இன்னொரு நாள் கறி மீ. நம்முடைய கோழிக்குழம்பில் தேங்காய்ப்பாலை ஊற்றி அதில் நூடுல்ஸை நீந்தவிட்டதுபோல இருந்தது. தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை மூன்றையும் பொறுமையாகக் கிண்டிக் காயா என்று ஒரு ஜாம் செய்து, சுட்ட ரொட்டியில் தடவிக் கொடுத்தாள். பினாங்குக்காரருக்குப் புளிப்பு வேண்டும், ஈப்போக்காரருக்கு வழவழப்பு வேண்டும், காப்பி மட்டும் எல்லோருக்கும் கறுப்பாக இருக்க வேண்டும் என்று அந்த ஊர்ச் சங்கதியெல்லாம் சொல்லிக்கொண்டே நான் சாப்பிடுவதைப் பார்ப்பாள். "உப்பு கம்மியா? ஒறப்பு ஜாஸ்தியா?" என்று கேட்பாள். வீட்டில் என்னை ஒரு மனுஷியாக மதித்து அபிப்பிராயம் கேட்டது அவள் ஒருத்திதான்.

அப்பாவும் அம்மாவும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியை எலும்போடு கடித்துத் தின்கிற குடும்பம்தான் எங்களுடையது. "சீனங்க கடையில என்னென்னத்த வெட்டின கையோ" என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். அந்தக் கை அனுப்பியதை வாங்கும்போது யாரும் முகத்தைச் சுளித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அதைக் கேட்டுவிட்டு நான் அத்தையிடம் நேராகவே போய் விசாரித்தேன். அவள் மறைக்கவில்லை. அங்கே பன்றிக் கொழுப்பை உருக்கி அதில்தான் கொய் தியோ வதக்குவார்கள் என்றாள். "வெட்டிக் குடுத்திருக்கேன், வாய்ல வெச்சதில்லடி. இங்க நம்ம கடலெண்ணெதான். இத வெளிய சொல்லி வெக்காத, தாயே" என்று என் தாடையைப் பிடித்துக் கொஞ்சினாள். அவளிடம் எனக்கென்று ஒரு ரகசியம் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இதற்குள் ஷட்டர் போடுகிற ஆள் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் சுவரை இடிப்பதாகப் பேச்சு. நடுவில் பௌர்ணமி வந்தது.

பௌர்ணமியன்று எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமாவும் மாமியும், அதாவது அம்மாவின் அண்ணனும் அண்ணியும், கிரிவலத்துக்கு வந்திருந்தார்கள். முந்தின நாள் செய்த எறா கொய் தியோ ஒரு டப்பாவில் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் இருந்தது. நான் கேட்டேன். "இன்னிக்கு ஆவாதுடி, நாளைக்குச் சூடு பண்ணித் தரேன்" என்றாள் அத்தை. நாளை வரைக்கும் யார் பொறுப்பது? எல்லோரும் கிளம்புகிற அவசரத்தில் இருந்தபோது, ஃப்ரிட்ஜ் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஜில்லென்று இருந்ததை அப்படியே கையால் அள்ளி விழுங்கினேன். டப்பாவைக் கழுவி வேறு வைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி.

மூன்று மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். வழியில் மாமா கரும்புச்சாறு வாங்கித் தந்தார், மாமி மசாலாப் பொரி வாங்கித் தந்தாள், ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடி அண்ணாமலை நெருங்கும்போது வெயில் தாழ்ந்துவிட்டது, என் வயிறு தாழவில்லை. ஒரு புளியமரத்தடியில் குனிந்தேன். எல்லாம் வெளியே வந்தது. வெள்ளை வெள்ளையாகப் பட்டைகள், நடுவே சிவப்பாக எறா. சாமி கும்பிடப் போகிற ஜனங்கள் ஒதுங்கி நடந்தார்கள்.

மாமிதான் முதலில் பார்த்தாள். "இன்னாடி இது, எறாவா? பௌர்ணமியும் அதுவுமா எறாவத் தின்னுட்டா மலையச் சுத்த வந்த?"

அப்பா என் காதைப் பிடித்தார். ரப்பர் தொலைத்ததற்கே பெல்ட்டைக் கழற்றுகிறவர் அவர். மாமா முன்னால் மானம் போனதில் அவருக்கு மூக்கு விடைத்துக்கொண்டிருந்தது. அத்தை என் வாயைத் துடைத்துவிடத் தன் முந்தானையோடு ஓடிவந்துகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே, "அத்ததான் குடுத்தாங்க" என்றேன்.

அத்தையின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள், என் காதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். "ஆமாண்ணா, நான்தான் குடுத்தேன். கொழந்த ஆசையாக் கேட்டுச்சு. என் தப்புதான், வுட்டுடு" என்றாள்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். காது இன்னும் அப்பாவின் பிடியில்தான் இருந்தது. அதை விடுவிக்க எனக்கு இன்னும் பெரியதாக ஒன்று தேவைப்பட்டது. கைவசம் இருந்த ஒரே பெரிய சங்கதி அத்தையின் ரகசியம்தான்.

"பன்னிக் கொழுப்புல வதக்கிக் குடுத்தாங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க."

காது உடனே விடுபட்டது. "ஐயையோ!" என்று மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பின்னால் வந்த நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். அத்தைக்கு வாய் குழறியது. "இல்லண்ணி... அங்க அப்டி செய்வாங்கன்னு பேச்சுக்குச் சொன்னேன். சாமி சத்தியமா நம்ம கடலெண்ணெதான் அண்ணி" என்று அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா கையை உதறினாள்.

அப்பா மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு தெருவுக்கே கேட்கிற குரலில், "கடையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். எம் பொண்ணுக்கே பன்னியத் தின்னக் குடுத்தவ ஊருக்கு இன்னா குடுப்ப? நீ வூட்டுக்குப் போ" என்றார். பாதி சுற்றிய கிரிவலத்தை விட்டுவிட்டு அத்தை ஒரு ஆட்டோவில் ஏறினாள். நாங்கள் மீதியைச் சுற்றி முடித்தோம். எனக்கு வயிறு லேசாகிவிட்டதில் வேகமாகவே நடந்தேன்.

மறுநாள் அம்மா சமையலறை முழுக்கக் கழுவிக் கோமியம் தெளித்தாள். இரும்புச் சட்டி பழைய சாமான்காரன் வண்டியில் ஏறியது. ஷட்டர்க்காரனுக்குப் போன் போயிற்று. விஷயம் கீழ்பென்னாத்தூர் வரை போய், அங்கேயிருந்து நாலு சொந்தக்காரர்கள் போன் பண்ணித் துக்கம் விசாரித்தார்கள். அத்தை யாரோடும் சண்டை போடவில்லை. சாயங்காலம் நான் படுத்திருந்தபோது வந்து நெற்றியில் கை வைத்து, காய்ச்சல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனாள். ஏண்டி அப்படிச் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தொலைத்து உண்மையைச் சொல்லியிருப்பேன். கேட்காததால் அவளுக்குக் கோபமில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். சீ, என்ன பிறவி நான்.

இருபதாம் நாள் பழைய ஏஜெண்டே வந்தார். அத்தை அதே பெட்டியோடு, அதே ஈப்போவுக்கு, அதே காப்பிக்கடைக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டில் என் தலையைத் தடவி, "நல்லாப் படி" என்றாள். இன்னமும் அங்கேதான் இருக்கிறாள். முட்டி தேய்ந்துவிட்டதாம், நின்றுகொண்டே மீ வதக்குகிறாளாம். வீடியோவில் வந்தால் "சாப்ட்டியாடி?" என்பாள். நான் "சாப்ட்டேன் அத்த" என்பேன். அதற்குமேல் எங்கள் இருவருக்கும் பேச்சு வருவதில்லை.

போன வருஷம் என் மகளுக்கு அம்மா நூடுல்ஸ் கிண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தாங்க முடியாமல், இத்தனை வருஷம் கழித்து, உண்மையைச் சொல்லிவிட்டேன். அது பொய்யம்மா, அத்தை பன்றிக் கொழுப்பே போடவில்லை, எறாவைக்கூட நான்தான் திருடித் தின்றேன் என்றேன்.

அம்மா கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எனக்குத் தெரியாதா? கடலெண்ணெ கேன் வாங்கி வெச்சது நானு. தெனம் எவ்ளோ கொறையுதுன்னு பாத்துனுதான இருந்தேன்? உங்கப்பாகிட்ட அன்னிக்கே சொன்னேன்."

"அப்புறம் ஏம்மா?"

"ஏம்மாவா? மாடி கட்ட வேணாமா? அவ இங்க மீ வித்துனு குந்தினா மாடி எப்டிடி எழும்பும்?" என்று சொல்லிவிட்டு, பேத்திக்கு இன்னொரு கரண்டி போட்டாள்.

அந்தப் பௌர்ணமியன்று என்னை யாரும் அடிக்கவில்லை. கிரிவலம் முடிந்து வரும்போது அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார், வழியில் பொம்மைகூட வாங்கித் தந்தார். நான் அவ்வளவு நன்றாகப் பொய் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.