பின்னால் வந்தவர் சொல்ல வேண்டும்

புதுச்சேரியில் ஓடிப் பரிசு வாங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்புறத்து டீக்கடையில் கூடுவார்கள். அந்த வாரம் வாங்கிய பரிசை பெஞ்சின்மேல் வைப்பார்கள். அது சோப்புப் பெட்டியாக இருக்கலாம், எவர்சில்வர் தம்ளராக இருக்கலாம், யாரோ ஒரு தலைவர் கையால் கொடுத்த துண்டாகக்கூட இருக்கலாம். பிறகு பந்தயம் எப்படி நடந்தது என்பதைச் சபைக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கு ஒரு சட்டம் உண்டு. ஜெயித்தவன் வாயைத் திறக்கக் கூடாது. அவனுக்குப் பின்னால் ஓடிவந்து முடிவுக் கயிற்றைத் தொட்டவன்தான் சொல்ல வேண்டும். சொன்னவனுக்கு, ஜெயித்தவன் செலவில் ஒரு வடை.

சட்டத்தைப் போட்டவர் பலராமன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனா வரை போய்வந்து, இப்போது பென்ஷன் வாங்குகிற சொல்தா. பட்டாள முகாமில் அவரவர் வீரத்தை அவரவர் வாயாலேயே கேட்டு அலுத்துப்போனவர். "அவனுங்க சொன்னதை நம்பினா எதிரி மூணு தடவை பூண்டோடு அழிஞ்சிருக்கணும். கடைசியில மூட்டை கட்டிக்கிட்டுக் கப்பல் ஏறினது யாரு? நாங்கதான்" என்பார். தோற்றவன் வாயிலிருந்து வரும் புகழ் ஒன்றுதான் கலப்படமில்லாத சரக்கு என்பது அவர் கட்சி.

நல்ல சட்டந்தான். அதனால் அதிகம் புகழ் பெற்றவன் நாராயணசாமி, அதிகம் வடை தின்றவன் கண்ணையன்.

நாராயணசாமி தந்தி ஆபீஸ் சேவகன். சர்க்கார் வேலைக்குச் சைக்கிளில் போவான், சொந்த ஆசைக்கு ஓடுவான். எந்தப் பந்தயம் வைத்தாலும் முதலாவது. கண்ணையன் மூலக்குளத்துக்காரன். குடியானவக் குடும்பம். பாகம் பிரித்ததில் அவன் பங்குக்கு வந்த நிலம் நாலு வேட்டி உலர்த்தத்தான் காணும் என்பதால் பஞ்சாலையில் சேர்ந்தான். இரண்டாம் சங்கு ஊதி ஓய்வதற்குள் ஆலைக் கேட்டுக்குள் நிற்க வேண்டும். அவனிடம் சைக்கிள் இல்லை. அதே ஊரிலிருந்து அதே ஆலைக்குப் போகும் தெய்வசிகாமணியிடம் இருந்தது, ஆனால் அதில் கேரியர் இல்லை. ஆகவே தெய்வசிகாமணி மிதிப்பார், பின்சக்கரத்து மட்கார்டில் வைத்த கண்ணை எடுக்காமல் கண்ணையன் பின்னால் ஓடுவான். அவன் ஓடக் கற்றது இப்படித்தான். முந்தக் கற்காததும் இப்படித்தான். சைக்கிளை யார் முந்துவார்கள்?

பிரெஞ்சுக்காரர் வைத்த கடைசி ஜூலை பதினாலுப் பந்தயத்தில் அவன் இரண்டாவது. நம்மவர்கள் வைத்த முதல் ஆகஸ்ட் பதினைந்துப் பந்தயத்திலும் இரண்டாவது. கொடி மாறியது, கோப்பையில் பொறித்த பாஷை மாறியது, கண்ணையனின் இடம் மட்டும் மாறவில்லை.

ஆனால் சொல்வதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. நாராயணசாமியின் முதுகை நாராயணசாமியின் சம்சாரத்தைவிட நன்றாக அறிந்தவன் அவன். "கடைத்தெருவாண்ட வரும்போது ஒரு மாடு குறுக்க வந்துச்சி. நாராயணசாமி அண்ணன் மாட்டுக்கு வழி விடல. மாடு ஒரு வாட்டி அவரைப் பார்த்துச்சி, அதுவே ஒதுங்கிக்கிச்சி" என்பான். கடையே கைதட்டும். நாராயணசாமியின் காலைவிடக் கண்ணையனின் நாக்குத்தான் நாராயணசாமியைப் பெரிய ஆளாக்கியது. நாராயணசாமிக்கும் இது தெரியும். தெரிந்ததால் வடையோடு சட்னியும் கேட்டு வாங்கிக் கொடுப்பான்.

கைதட்டல் மார்க்கெட் சுவரைத் தாண்டிக் கீரைக்காரிகள் வரிசைக்குக் கேட்கும். அங்கே கூடையோடு உட்கார்ந்திருப்பவள் ஆதிலட்சுமி, கண்ணையனின் மனைவி. சாயங்காலம் வீட்டில் கேட்பாள்.

"இன்னிக்கு யாரு பெருமையப் பேசினீங்க?"

"நாராயணசாமி அண்ணன்து."

"உங்க பெருமைய எவனும் பேசறதில்லியா?"

"ஜெயிச்சாத்தானே பேசுவாங்க."

"அப்ப ஜெயிக்கிறது" என்பாள், கடையில் உப்பு வாங்கிவரச் சொல்வதுபோல.

அவன் ஜெயித்தான். 1958ஆம் வருஷம், நவம்பர் முதல் தேதி. பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தை ஒப்படைத்த நாள் என்பதற்காக வைத்த பந்தயம். கடற்கரையில் புறப்பட்டு, முத்தியால்பேட்டை, கோட்டக்குப்பம் வழியாகப் பிள்ளைச்சாவடிப் புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். முன்பு இந்த வழியில் பந்தயம் வைத்திருக்கவே முடியாது. நடுவில் பிரெஞ்சு-இந்திய எல்லை, எல்லையில் சுங்கம். அப்போது அந்த ரோட்டில் ஓடியவர்கள் பரிசுக்காக ஓடியவர்கள் அல்லர், மடியில் வெளிநாட்டு வாட்ச்சோடு ஓடியவர்கள். அவர்களில் இரண்டொருவர் இந்தப் பந்தயத்திலும் ஓடினார்கள். துரத்த ஆள் இல்லாததால் சோபிக்கவில்லை.

ஐப்பசி மழை அன்று ஒரு தீர்மானத்தோடு வந்திருந்தது. முத்தியால்பேட்டையிலேயே பாதிப் பேர் கடை ஓரங்களில் ஒதுங்கிவிட்டார்கள். மீதிப் பேர் அடுத்த பாதி வழியில். கோட்டக்குப்பம் வரும்போது ரோட்டில் இரண்டே பேர், முன்னால் நாராயணசாமி, பின்னால் கண்ணையன். நாராயணசாமி திடீரென்று ஒரு டீக்கடைக்குள் திரும்பினான். கண்ணையனும் பழக்கதோஷத்தில் வாசற்படி வரை திரும்பினான்.

"நீ எங்கடா வர்ற? எனக்குக் காலு வழுக்குது, நான் உக்காரப் போறேன். நீ ஓடு. உனக்கு முன்னால யாரும் இல்ல."

எந்த ஓட்டக்காரனும் கேட்க ஏங்கும் இந்தச் செய்தி கண்ணையனைக் கலக்கிவிட்டது. "யாருமே இல்லியா?" என்றான். எப்படியோ பிள்ளைச்சாவடி போய்ச் சேர்ந்தான். புளியமரத்தடியில் சாக்கைப் போர்த்தி நின்ற தொண்டர் அவன் மணிக்கட்டில் ரிப்பனைக் கட்டி, "உனக்குப் பின்னாலயும் யாரும் இல்லப்பா" என்றார், ஆறுதல் சொல்வதாக நினைத்து. கண்ணையன் வேரின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரத்தில் காலாப்பட்டுப் பக்கமிருந்து தலையில் மூட்டையோடு ஒரு பெண் நடந்து வந்தாள். அவள் ஆதிலட்சுமி. அங்கே வாழ்க்கைப்பட்ட அக்கா கன்னியம்மாளைப் பார்த்துவிட்டு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோடு கிளம்பியவள். மழையில் பஸ் நின்றுபோனதால் நடந்தே ஊர் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"இங்க இன்னா பண்றீங்க?"

"ஜெயிச்சிக்கிட்டிருக்கேன்."

"உக்காந்துகிட்டா?"

"முன்னால ஆளு இல்ல புள்ள. ஆளு இல்லாட்டிக் காலு வர மாட்டேங்குது."

ஆதிலட்சுமி அவனை ஒரு முறை பார்த்தாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். "நான் முன்னால போறேன். பின்னாலயே வாங்க" என்று மூட்டையோடு ஓட ஆரம்பித்தாள். கண்ணையன் எழுந்தான். மட்கார்டு கிடைத்துவிட்டது.

கோட்டக்குப்பம் டீக்கடை வந்ததும், "அண்ணே, இதைப் பார்த்துக்குங்க" என்று மூட்டையை நாராயணசாமியின் மடியில் எறிந்துவிட்டு மேலே ஓடினாள். மூட்டை போனதும் இன்னும் வேகம். முத்தியால்பேட்டைக் கடைத்தெருவில், ஜனங்கள் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்த இடத்தில்தான் அது நடந்தது. கண்ணையனின் ஆயுளில் முதல் தடவையாக, முன்னால் இருந்த முதுகு பின்னால் போயிற்று.

கடற்கரையில் அவன் கயிற்றைத் தொட்டபோது பந்தயக்காரர்கள் முதல் பரிசாக ஓர் அலாரக் கடிகாரம் கொடுத்தார்கள். சற்றுப் பின்னால் வந்து கயிற்றில் கால் தடுக்கியவளை, மழைக்கு ஓடுகிற மார்க்கெட்டுக்காரி என்று நினைத்துக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். இரண்டாம் பரிசுக்கு வைத்திருந்த குடை, அந்த மழையில் பிடிக்க ஆளில்லாமல் மேசைமேலேயே கிடந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடிகாரம் பெஞ்சுக்கு வந்தது. எல்லோரும் கண்ணையன் முதுகில் தட்டினார்கள். பலராமன் கையைத் தூக்கி, "சிலான்ஸ்!" என்றார். கடை அடங்கியது.

"கண்ணையன் பந்தயத்தை யார் சொல்றது?"

பின்னால் வந்தவன் இருந்தால்தானே பேச?

"நான் சொல்றேன்" என்றான் நாராயணசாமி, பட்ட புகழ்க்கடனைத் தீர்க்கிறவன்போல. "கோட்டக்குப்பத்துலேருந்து நான் பார்த்தேன்."

"உக்காந்து பார்த்தது சாட்சி ஆகாது. சரி, இன்னா பார்த்தே?" என்றார் பலராமன்.

"உள்ளதைச் சொல்லணும்னா, நான் பார்த்தப்பவும் கண்ணையன் ரெண்டாவதாத்தான் ஓடிக்கிட்டிருந்தான்."

கடை அதிர்ந்தது. ஆதிலட்சுமியும் மூட்டையும் வந்த கதையை, முத்தியால்பேட்டையில் கேள்விப்பட்டதையும் சேர்த்து, நாராயணசாமி அவிழ்த்துவிட்டான். தனியாக ஓடினாலும் இரண்டாவதாக வரக்கூடிய ஒரே ஆள் என்று கண்ணையனைக் கொண்டாடினார்கள். பலராமன் சிரிக்கவில்லை. "பின்னால ஒருத்தி வந்திருக்கா. அப்ப அவ சொல்லணும். கூப்பிடுங்க."

"அவ வேணாம் அண்ணே" என்றான் கண்ணையன்.

"ஏன்?"

கண்ணையன் கடிகாரத்தின் சாவியைத் திருக ஆரம்பித்தான். பொண்டாட்டி முன்னால் ஓடிய வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவல்ல. பிள்ளைச்சாவடியிலிருந்து மூட்டையோடு ஓடி வந்தவள், ஜனம் கூடியிருந்த இடத்தில், சரியாக அந்த இடத்தில் பின்தங்குவானேன்? தளர்ந்துபோனாளா, புருஷனுக்காக விட்டுக்கொடுத்தாளா? ராத்திரி வீட்டில் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அவளும், "கடியாரத்தை எலி வராத எடத்துல வைங்க" என்றதோடு சரி. விட்டுக்கொடுத்திருந்தால் அவன் இதுவரை யாரையுமே முந்தவில்லை. அதை நாலு பேருக்கு முன்னால் தெரிந்துகொள்வதைவிடத் தெரியாமலே இருக்கலாம்.

அதற்குள் யாரோ மார்க்கெட்டுக்கு ஓடிவிட்டார்கள். ஆதிலட்சுமி இடுப்பில் கீரைக்கூடையோடு வந்து நின்றாள். புருஷனைப் பார்க்கவில்லை, நேரே நாராயணசாமியிடம் போனாள்.

"அண்ணே, மல்லாட்ட கொறையுதே?"

"மழையில சுருங்கியிருக்கும்மா."

"உங்க வவுத்துல போயிச் சுருங்கிச்சா?"

"சிலான்ஸ்!" என்றார் பலராமன். "நீ இவன் பின்னால வந்து கயித்தைத் தொட்டியாம்மா?"

"தொட்டேன். முட்டியில பாருங்க, காயம்."

"அப்ப நடந்ததைச் சொல்லு. கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. அது எங்க சட்டம்."

ஆதிலட்சுமி கூடையை இறக்கிவைத்தாள். வேரின்மேல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். கால் வரவில்லை என்றதைச் சொன்னாள். ஓடும்போது அவனுக்கு மூச்சு எப்படி இரைத்தது என்பதைச் செய்தே காட்டினாள். கடை விழுந்து விழுந்து சிரித்தது. கண்ணையன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முத்தியால்பேட்டைக்கு வா" என்றான் நாராயணசாமி. "ஜனம் பார்க்குதேன்னு விட்டுக்கொடுத்துட்டே. அதானே? தப்பில்லம்மா, புருஷன்தானே."

"விட்டுக்கொடுக்கறதா?" ஆதிலட்சுமியின் குரல் ஏறியது. "சோத்துல விட்டுக்கொடுப்பேன், துணிமணியில விட்டுக்கொடுப்பேன், இதுல எதுக்கு விடணும்? ஒரு நிமிஷம் நெனச்சேன், இல்லேங்கல. கடைத்தெருவே பார்க்குதே, கொஞ்சம் ஒதுங்கிக்கலாம்னு. அப்பப் பார்த்து இவரு பின்னாலேர்ந்து 'ஒத்து, ஒத்து'ன்னு கத்தறாரு. யாரை? என்னை! மாட்டை அதட்டற மாதிரி! எனக்கு வந்துச்சே கோவம். ஒத்தி வழி வுடறதா? இன்னும் எட்டிப் போட்டேன்."

கடையில் சிரிப்பு நின்றிருந்தது.

"போட்டும் தாண்டிட்டாரு. பக்கத்துல வந்தப்ப ஒரு மூஞ்சி வச்சிருந்தாரு பாருங்க, அதை நான் கல்யாணத்தன்னிக்குக்கூடப் பார்த்ததில்ல. போவ வுடக் கூடாதுன்னு பனியனைப் பிடிச்சி இழுக்கக் கை நீட்டினேன். சிக்கல. அதுக்கப்புறம் பனியன் எங்கேயோ போச்சி, நான் எங்கேயோ இருந்தேன். அவ்ளோதான்."

"பனியனைப் பிடிக்கிறது தப்பும்மா" என்றார் பலராமன் கண்டிப்பாக. "பந்தயத்தை விட்டே தள்ளிடுவாங்க."

"சிக்கினாத்தானே தப்பு?"

கண்ணையன் தலையைத் தூக்கினான். "நெசமாவே கை நீட்டினியா?"

"பின்ன? சும்மா போவ வுடுவாங்களா?"

கண்ணையன் எழுந்து நின்று, "ரெண்டு வடை" என்றான் டீக்கடைக்காரரிடம். சட்டப்படி ஒன்றுதான் என்று பலராமன் ஞாபகப்படுத்தினார். "ரெண்டு" என்றான் கண்ணையன். அவரை அவன் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல். ஆதிலட்சுமி ஒன்றைத் தின்றுகொண்டே, மற்றதை முந்தானையில் முடிந்துகொண்டே, அந்தக் குடை இப்போது யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தாள்.

நாலு வருஷம் ஆகிறது. கண்ணையன் மறுபடியும் இரண்டாவதாகத்தான் வருகிறான். ஞாயிறுதோறும் நாராயணசாமியின் முதுகைப் பற்றி முன்னைவிடத் தாராளமாகச் சொல்கிறான். சொந்த வெற்றி ஒன்று வைத்திருக்கிறவனுக்கு வரும் தாராளம் அது. அந்த வெற்றியைப் பற்றி அவன் வாய் திறப்பதில்லை, சட்டம் இருக்கிறது. தெரிய வேண்டியவர்கள் மார்க்கெட்டில் கீரை வாங்கப் போகலாம். ஆதிலட்சுமி கட்டைப் பிரித்து வைத்துவிட்டுப் புளியமரத்திலிருந்து ஆரம்பிப்பாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவள் கை பனியனுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போகிறது. ஆனால் இதுவரை சிக்கவில்லை.