கல்லில் இருந்த நாற்பத்தெட்டு

ஈஜிபுராவில் வாடகைக்குக் குடியிருக்கும் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். சென்ற ஆண்டு ஹாசனில் ஒரு கல்யாணத்துக்கு அப்பாவின் டெம்போவில் போனோம். குணிகலுக்கு முன்பே அப்பா வண்டியை ஓரம் கட்டினார். வாய் கோணி, வலது கை தொங்கிவிட்டது.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். எந்த இடம் என்று கேட்டார்கள். எதிரே இருந்த பழைய மைல்கல்லைப் படித்து, "என்.எச். நாற்பத்தெட்டு" என்றேன்.

"நம்பர் எதுக்குடி? குணிகல் ரோடுன்னு சொல்லு" என்றாள் அம்மா.

"சும்மா இரும்மா. படிக்கத் தெரியாம பேசாத."

அரை மணி கழித்து ஓட்டுநர் அழைத்தார். "மேடம், தாபஸ்பேட்டையே தாண்டிட்டோம், நீங்க எங்க?"

தாபஸ்பேட்டை இருப்பது துமகூரு சாலையில். சாலை எண்களை எப்போதோ மாற்றிவிட்டார்கள். இப்போது அதுதான் நாற்பத்தெட்டு. நாங்கள் நின்றது எழுபத்தைந்து. கல்லை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அப்பா பிழைத்தார். சீக்கிரம் வந்திருந்தால் கையும் பிழைத்திருக்கும் என்றார் டாக்டர். டெம்போவை விற்றுவிட்டோம். அம்மா இன்றுவரை எதையும் சொல்லிக்காட்டவில்லை.

இப்போது வெளியூர் போனால், தாண்டிய ஊரையும் வரப்போகும் ஊரையும் கேட்டு மனதில் வைத்துக்கொள்கிறேன். அம்மா கூட இருந்தால் அவளிடம்தான் கேட்கிறேன்.