உவர் ஆர்?

இது உண்மையாக நடந்தது. நடந்த இடம் யாழ்ப்பாணத்து அரியாலை, கடல்நீரேரிப் பக்கம். நேரம் நடுச்சாமம் இல்லை, பட்டப்பகல். பேய்க்கு இரவில்தான் வேலை நேரம் என்று நினைத்துப் பகலில் நிம்மதியாக இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நம்பாதவர்களோடு மல்லுக்கட்டவும் விருப்பமில்லை. நிலூபா பொய் சொல்லலாம், காவலாளி பொய் சொல்லலாம். ஆனால் இன்கியுபேற்றருக்குப் பொய் சொல்லத் தெரியாது. தன் கதவு எத்தனை மணிக்குத் திறந்தது என்று அது தானே குறித்து வைத்திருக்கிறது.

அது ஒரு மரபணு சிகிச்சை ஆய்வுகூடம். பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைக்க வேண்டாம். வாடகைக்கு எடுத்த மாடி வீடு, காவலாளியோடு சேர்த்து நான்கு பேர். தலசீமியா என்று ஒரு நோய். பிறவியிலேயே இரத்தம் சரியாக ஊறாது, மாதாமாதம் ஏற்ற வேண்டும். அப்படிப்பட்ட நோயாளர் இருபத்து மூன்று பேரின் உடம்பிலிருந்து கலங்களை, அதாவது செல்களை, எடுத்து, பழுதான மரபணுவுக்குப் பதில் நல்லதைப் புகுத்திப் பார்ப்பதுதான் அங்கே வேலை. கலங்கள் இருப்பது மாடி அறையில், இன்கியுபேற்றர் என்ற சூட்டுப் பெட்டிக்குள். உள்ளே எப்போதும் உடம்புச் சூடு. கோழி அடைகாப்பது போலத்தான். ஆட்களின் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்.

நிலூபாவின் பொறுப்பு பதினேழாம் இலக்கம். ஒன்றரை வருட உழைப்பு. இருபத்து மூன்றில் அது ஒன்றுதான் நன்றாகத் தேறி வந்தது.

அப்போதுதான் தொடங்கியது.

முதல் வெள்ளி, பகல் 1.17. கதவு நாற்பது விநாடி திறந்திருந்ததாகப் பதிவு. இரண்டாம் வெள்ளி, 1.17. மூன்றாம் வெள்ளியும் அதே 1.17. அந்த முறை பதினேழின் இரண்டு தட்டுகளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

“இன்னொருக்கால் திறந்தால் பதினேழை நிப்பாட்டிப்போடுவன், நிலூபா,” என்றார் பொறுப்பாளர் குணலட்சுமி. “உம்மடை இடமும் அதோடை போகும்.”

நிலூபாவுடையது தொண்ணூறாம் ஆண்டில் மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பம். அவள் பிறந்து வளர்ந்தது புத்தளத்தில். இந்த வேலையை நம்பித்தான் உம்மாவை ஊருக்குத் திரும்பக் கூட்டி வந்திருந்தாள். வேலை போனால் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வெள்ளி மதியம் குணலட்சுமி வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். மாடிக்கு ஏறக்கூடியவர்கள் இருவர்தான். ஒன்று நிலூபா, மற்றவர் ஜெயரூபன் என்ற உதவியாளர். அவள் அவரைச் சந்தேகித்தாள். அவர் அவளைச் சந்தேகித்தார். ஒரே கேத்திலில் தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டே.

அவளுக்கு ஆதாரமும் இருந்தது. மூன்று முறையும் இன்கியுபேற்றரின் முன்னால் ஒரு முருங்கையிலை கிடந்தது. சுண்டுவிரல் நகத்தளவு. வெள்ளிக்கிழமைகளில் ஜெயரூபன் சாப்பாட்டுக்குக் கொண்டுவருவது முருங்கையிலை வறை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

நான்காம் வெள்ளி அவள் சாப்பிடப் போகவில்லை. மாடி அறையில், கலங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும் நுணுக்குக்காட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். அறைக்கு ஒரே வாசல். கண் அதில் இருந்தது. இன்கியுபேற்றர் முதுகுக்குப் பின்னால். வருகிறவர் வாசலால்தானே வர வேண்டும்?

12.55. குணலட்சுமியின் கார் வெளியே போனது.

1.05. கீழே சாப்பாட்டுப் பெட்டி திறக்கும் சத்தம்.

1.12. அந்த அறையில் எப்போதும் ஸ்பிரிட் வாசம் மட்டும்தான் வரும். இன்று வேறொரு வாசம்... பச்சை இலையைக் கசக்கினது போல.

1.15. சன்னலால் எட்டிப் பார்த்தாள். பின் வளவுக் குழாயடியில் ஜெயரூபன் பெட்டியைக் கழுவிக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டை.

1.16. சுவர்த் தொலைபேசி அடித்தது.

“தங்கச்சி, தேவராசா கதைக்கிறன். உவர் ஆர்?”

தேவராசா வாசல் காவலாளி. வேலைக்கு வந்து ஐந்து நாள்தான். கமரா எதையும் பதிந்து வைக்காது; திரையைப் பார்த்து, மாடியில் இருப்பவர் பெயரைப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை.

“யாரு?”

“உந்த வெள்ளைச் சட்டைக்காரர். முகம் தெரியேல்லை.”

நிலூபா சன்னலைப் பார்த்தாள். “அது ஜெயரூபன் அண்ணா.”

“ஓ. சரி.”

வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

1.17.

முதுகுக்குப் பின்னால்... டிக்.

இன்கியுபேற்றரின் கதவு.

வாசலால் யாரும் வரவில்லை. தொலைபேசியை வைத்தது முதல் அவள் கண் அதை விட்டு அகலவில்லை.

பீப்... பீப்... பீப்...

கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

காதோரம் ஒரு மூச்சு...

பச்சை இலை வாசம்...

திரும்பினாள்.

யாரும் இல்லை. பெட்டியின் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே கண்ணாடியில், முகம் வைத்துப் பார்த்தது போல, ஒரு வட்டம் ஆவி. தரையில் ஒரு முருங்கையிலை.

அவள் ஓடினாள். மாடிப்படியில் ஜெயரூபன் ஈரக்கையோடு ஏறி வந்துகொண்டிருந்தார்.

“நீங்களா?”

“என்ன, நானோ?”

இரண்டு மணிக்குக் குணலட்சுமி வாசல் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். தேவராசாவின் கையெழுத்து: ‘1.16. மாடி அறை. ஜெயரூபன்.’

“என்ரை பிள்ளையளாணை நான் மேலை போகேல்லை,” என்றார் ஜெயரூபன்.

1.16க்கு அவர் குழாயடியில் நின்றதை நிலூபா கண்ணால் கண்டவள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால், அறையில் இருந்தது அவள் மட்டும் என்றாகிவிடும். வாய்க்குள் கொழுக்கட்டை வைத்தவள் போல நின்றாள். அந்த மௌனம் இன்றுவரை அவளைச் சுடுகிறது. ஜெயரூபன் சாவியை மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தன் ஊரான சண்டிலிப்பாய்க்குப் போய்விட்டார்.

ஐந்தாம் வெள்ளி மாடி அறை பூட்டிக் கிடந்தது. குணலட்சுமி வீட்டுக்குப் போகவில்லை. கீழே, சாவியைக் கையில் பிடித்தபடி, நிலூபாவுக்கு எதிரே இருந்தார். பிறகு போய்ப் பார்த்தார்கள். 1.17. நாற்பது விநாடி.

நிலூபா நேரே வாசலுக்கு, தேவராசாவிடம் போனாள்.

“போன வெள்ளி நீங்க குழாயடியில நின்றவரைத்தானே கேட்டீங்க?”

“குழாயடியோ? அங்கை கமராவே இல்லை, தங்கச்சி. உங்கடை அறையிலை நிண்டவரை எல்லோ கேட்டனான்.”

“அறையில யாரும் இல்ல.”

“நான் ‘அவர் ஆர்’ எண்டு கேக்கேல்லை. ‘உவர் ஆர்’ எண்டு கேட்டனான்.”

“ரெண்டும் ஒண்டுதானே?”

தேவராசா அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். “என்னட்டை நிண்டால் இவர். தூரத்திலை நிண்டால் அவர். உங்களட்டை நிண்டால்தான் உவர்.”

உம்மா வீட்டில் ‘உது’, ‘உவன்’ என்று சொல்லுவா. பழைய ஆட்களின் பேச்சு, ‘அது’, ‘அவன்’ என்பதைத்தான் அப்படிச் சொல்கிறா என்று நிலூபா சின்ன வயது முதல் நினைத்திருந்தாள்.

“உங்கடை தோளுக்குப் பின்னாலை குனிஞ்சு நிண்டார்,” என்றார் தேவராசா. “நீங்கள் பாக்கிறதைத் தானும் பாக்கிற மாதிரி. வெள்ளைச் சட்டை, சட்டைக் கையை மணிக்கட்டு மட்டும் இழுத்துப் பட்டன் பூட்டியிருந்தவர். ஒரு கட்டு முருங்கையிலை வைச்சிருந்தார்.”

 அந்தச் சட்டையை நிலூபாவுக்குத் தெரியும்.

முதல் வெள்ளிக்கு நான்கு நாள் முன்னால், தேவராசா வேலைக்கு வரும் முன்பு, ஒருவர் வாசலில் வந்து நின்றார். கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்பவர், பெயர் சுதாகரன். ஊசித் தழும்புகளை மறைக்க முழுக்கை வெள்ளைச் சட்டை. “நான்தான் பதினேழு,” என்றார். தன் போத்தலில் ஒட்டிய இலக்கத்தை ஆஸ்பத்திரியில் கண்டிருக்கிறார். வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஒரு கட்டு முருங்கையிலையை நீட்டினார். “என்ரை கலங்கள் நல்லாய் இருக்கெண்டு சொல்லினம். ஒருக்கால் காட்டுவீங்களோ, தங்கச்சி?”

சட்டப்படி காட்டக் கூடாது. ஆளை அனுப்பினால் போதும் என்று அவள் சொல்லிவைத்தாள்: “வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குப் பிறகு வாங்க. எல்லாரும் சாப்பிடப் போயிருவாங்க. காட்டுறன்.”

அந்த வெள்ளி அவர் வரவில்லை. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துக் கேட்டாள். பதினேழாம் இலக்கக்காரர் இறந்து நான்கு கிழமை. அந்த வெள்ளிக்கு முதல் நாள், வியாழன்.

அன்றைக்கே குணலட்சுமியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். இருவரும் சண்டிலிப்பாய்க்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். ஜெயரூபன் வேலைக்குத் திரும்பினார். மன்னித்தாரா தெரியாது. தேநீரைத் தனிக் கேத்திலில் போடுகிறார்.

ஆறாம் வெள்ளி. நிலூபா தனியாக மாடிக்குப் போனாள். கொடுத்த வாக்கு அவளுடையது.

1.14. பதினேழின் தட்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தாள். விளக்கைப் போட்டாள். 

1.16. விலகிப் போய்ச் சுவரோடு நின்றாள்.

“பாருங்க,” என்றாள்.

1.17.

இன்கியுபேற்றர் திறக்கவில்லை.

பச்சை இலை வாசம்...

நுணுக்குக்காட்டியின் திருகு... மெதுவாக... தானே திரும்பியது.

நாற்பது விநாடி.

நின்றது.

அவளுக்கு அழுகை வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

தொலைபேசி அடித்தது.

“தங்கச்சி...”

“சொல்லுங்க.”

“உவையள் ஆர்?”

இந்த முறை அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. உவர் என்றால் ஒருவர். உவையள் என்றால் பலர்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைய வாசல் புத்தகத்தில், 1.18 என்று எழுதிய இடத்தில், தேவராசா பெயர்களுக்காக ஐந்து வரி வெறுமையாக விட்டிருக்கிறார். மறுநாள் ஆஸ்பத்திரியில் கேட்டபோதுதான் தெரிந்தது. இருபத்து மூன்று பேரில் இதுவரை இறந்தவர்கள் சுதாகரனோடு சேர்த்து ஐந்து பேர். மற்ற நால்வருக்கு நிலூபா எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை.