மாலை போடாத படம்

லண்டனில் மிச்சம் என்ற ஊரின் டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அக்காவின் வீடு. அவளுடைய ஒரே மகனின் படம் அங்கே பல வருடங்களாக மாலையில்லாமல் தொங்கியது.

லொத்தர்ச் சீட்டிழுப்பில் விசா விழுந்து அமெரிக்கா போனவன் அவன். தபால்காரனானான். ஒரு மத்தியானம், கடிதப் பையைப் பறிக்க வந்த ஒருவன் சுட்டுக் கொன்றான்.

அந்த மாநிலத்தில் மரண தண்டனை கிடையாது. ஆனால் தபால்காரன் மத்திய அரசின் ஊழியன். கடமையில் இருப்பவனைக் கொன்றால் வழக்கு மத்திய அரசினுடையது, அங்கே அந்தத் தண்டனை உண்டு என்று வழக்கறிஞர் தொலைபேசியில் சொன்னார். அதை அக்காவுக்கு நான் தமிழில் சொன்னேன்.

"அப்ப வேலை முடிஞ்சு, தபால் சட்டையைக் கழட்டிப்போட்டு வரேக்க சுட்டிருந்தா?"

"அது மாநிலத்தின்ர வழக்கு, அக்கா."

"அதே பிள்ளைதானே. அதே நெஞ்சுதானே."

ஒரு நீலச் சட்டை. அதற்குள் ஒரு பிள்ளை, அதற்குள் ஓர் அரசாங்கம்.

மரண தண்டனை என்று தீர்ப்பு வந்த அன்று சந்தனச் சீவல் மாலை ஒன்றை வாங்கி, உறை பிரிக்காமல் மேசை லாச்சிக்குள் வைத்தாள். "சுட்டவன் போற அண்டைக்குத்தான் என்ர பிள்ளைக்கு மாலை."

மாலையில்லாவிட்டால் ஆள் உயிரோடு இருக்கிறார். எங்கள் சனத்துக்கு அப்படித்தான். ரெய்னர்ஸ் லேனிலிருந்து வந்த ஓர் அன்ரி, தேத்தண்ணியோடு படத்தை அண்ணாந்து பார்த்தார். "வடிவான பெடியன். பொம்பிளை பாக்கிறியளோ?" அடுத்த கிழமை தன் பெறாமகளின் சாதகக் குறிப்பையும் கொண்டுவந்து கொடுத்தார்.

"பாத்துச் சொல்லுறன்" என்று அக்கா வாங்கி வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கோப்பை கழுவப் போய்விட்டாள்.

நானோ மரண தண்டனை கூடாதென்று எழுதியவன், அதற்காகத் தெருவில் நின்றவன். அக்காவிடம் மட்டும் வாய் திறந்ததில்லை. ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு முன், பதவி முடியும் தறுவாயில், அமெரிக்க ஜனாதிபதி மத்திய அரசின் மரண தண்டனைக் கைதிகள் ஏறக்குறைய எல்லோருக்கும் அதை ஆயுள் தண்டனையாக மாற்றினார். சுட்டவனும் அதில் ஒருவன் என்று வழக்கறிஞர் எழுதியிருந்தார். வாசித்ததும் முதலில் வந்தது நிம்மதி. அதை ஒளித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு டிராம் ஏறினேன்.

"அப்ப அவன் சாகமாட்டானோ?"

"சாவான் அக்கா. மறியலுக்குள்ள, வயசு போய். வெளிய வர ஏலாது."

"இப்ப என்ன வயசு?"

"முப்பத்தொண்டு."

அக்காவுக்கு அறுபத்துநாலு.

"உனக்குச் சந்தோசம், என்ன?"

அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

லாச்சியைத் திறந்தாள். மாலையை எடுக்கிறாள் என்று நினைத்தேன். எடுத்தது அன்ரி தந்த சாதகக் குறிப்பை.

"இதைக் கொண்டுபோய்க் குடு. அந்தப் பிள்ளையும் எங்களால காத்துக்கொண்டிருக்குது, பாவம்."

"என்னெண்டு சொல்ல?"

"என்ர பிள்ளை செத்துப்போனான் எண்டு சொல்லு."

அவள் அதைச் சொல்லி அன்றுதான் கேட்டேன். பிறகு கதிரையை இழுத்துப் படத்துக்குக் கீழே போட்டாள். மாலையை உறையோடு என்னிடம் நீட்டினாள். நான்தான் பிரித்துக் கொடுத்தேன்.