மரக்கிளையில் தொங்கிய இடுப்பு பெல்ட்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு பொய் பிடிபட்டது. சொன்னவர் என் நாத்தனார் பாண்டியம்மாள். பிடித்தது நான்.

முதுகில் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி வந்திருந்தார். தேய்க்கப் போனால்... விலாவுக்குக் கீழே இரண்டு பக்கமும் தோல் உரிந்து சிவந்து கிடக்கிறது!

“என்ன மதினி இது? பெல்ட்டு அறுத்துருச்சா?”

“மெல்லப் பேசுத்தா. தம்பி காதுல விழுந்துறப் போகுது.”

தம்பி என்றால் என் வீட்டுக்காரர். கம்பத்தில் ஜீப்புகளுக்கு சீட் கவரும் தார்ப்பாயும் தைக்கிற கடை வைத்திருக்கிறார். அந்த பெல்ட்டைத் தைத்தவரும் அவர்தான்.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். மதினி ஏலத்தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர். விடிந்ததும் விடியாததுமாக ஜீப் கிளம்பும். கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறிக் கேரளாவுக்குள் போய், சாயங்காலம் திரும்பும். இருபது வருஷமாக அதே சீட்டு, அதே சிநேகிதிகள். சமீபத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள், அப்புறம் பெல்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்றார் எலும்பு டாக்டர்.

கடையில் வாங்கிய பெல்ட் என்ன ஆயிற்று? நடந்தால் மேலே ஏறியது. தோட்டத்துத் தூறலில் நனைந்து, சருகும் தூசியும் அப்பி, ஒட்டுகிற பட்டை இரண்டே நாளில் ஒட்டமாட்டேன் என்றது. மறுபடி ஓய்வு. இனியும் லீவு போட்டால் ஜீப்பில் உங்கள் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கங்காணி சொல்லிவிட்டார்.

போனால் போகட்டுமே, வீட்டில் நிம்மதியாக இருக்கலாமே — கேட்டது நான்தான். புருஷனைப் பறிகொடுத்து, ஒரே மகளைத் திருப்பூருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறவர். “அந்த ஜீப்புல ஏறுனாத்தான் நான் வாயத் தொறந்து பேசவே செய்றேன்” என்றார்.

“விடுக்கா, நான் தைச்சுத் தாரேன்” என்றார் இவர்.

புதிதாகத் தைத்த ஜீப் சீட்டில் அக்காவை நிமிர்ந்து உட்காரவைத்தார். நான் டேப் பிடித்தேன், இவர் அளவைக் குறித்துக்கொண்டார். மூன்று நாள் வேலை. உள்ளே பஞ்சு, வெளியே ரெக்சின், முதுகுக்கு இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக நீளத் தகடுகள், முன்னால் தார்ப்பாய் கொக்கி. “வளைவுல தூக்கிப் போட்டாக்கூட அசையாது!” — ஒரே பெருமை. ஜீப்புக்குத் தைக்கிற ஆளுக்கு இடுப்பு வலி என்றாலே ஜீப் குலுக்கல்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

“எப்படிக்கா இருக்கு?”

“நல்லா இருக்குடா.”

இதுதான் அந்தப் பொய். ஜீப்பில் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. தோட்டத்தில் குனிந்ததும் பக்கத்துத் தகடுகள் விலாவில் குத்தியிருக்கின்றன. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறார். மூன்றாம் நாளிலிருந்து பெல்ட்டைக் கழற்றி, சாப்பாட்டுப் பையோடு ஒரு மரக்கிளையில் மாட்டிவிடுவாராம். சாயங்காலம் ஜீப் ஏறும் முன் மறுபடி கட்டிக்கொண்டு, தம்பி கடை முன்னால் கம்பீரமாக இறங்குவாராம்! விளைவு? வலி திரும்பி வந்துவிட்டது.

“சொல்லியிருக்கலாம்ல மதினி?”

“மூணு நாளு இருந்த சோலியெல்லாம் ஒதுக்கிட்டுத் தைச்சான்த்தா. அவன்கிட்டப் போயி உறுத்துதுன்னு எந்த வாயால சொல்ல?”

நாம் மட்டும் என்னவாம்? ஆசையாகச் செய்து தந்தவரிடம் குறை சொன்னால், அந்த ஆசையையே குறை சொன்ன மாதிரி நினைத்துக்கொள்கிறோம். மகள் முதன்முதலாக வைத்த குழம்பு உப்புக் கரிக்கும், ‘பிரமாதம்’ என்போம். இவர் தீபாவளிக்கு வாங்கித் தந்த செருப்பு என் காலைக் கடிக்கிறது. பஞ்சு மாதிரி இருக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன். பாவம், தந்தவர்களுக்குத் தெரியவே போவதில்லை.

மதினி சொல்லாதே என்றார். அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. இரண்டு நாள் வேலைக்குப் போகாதே என்று அக்காவை நிறுத்தினார். புதன்கிழமை வரை பார்ப்பேன், அப்புறம் சீட்டு கிடையாது என்று கங்காணியிடமிருந்து தகவல் வந்தது.

மறுநாள் காலையில் மதினியைக் கடைக்கு வரச்சொன்னார். “அக்கா, அங்கன எப்படிக் காய் எடுப்ப? செஞ்சு காட்டு.”

“ஏலே, போடா. கூச்சமா இருக்கு.”

இவர் விடவில்லை. நூல்கண்டுகளை அள்ளித் தரையில் இறைத்தார். மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்தவைத்தார். ஏலக்காய்ச் சரம் செடியின் தூரிலிருந்து தரையோடு தரையாக ஓடும். முகம் முழங்காலைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து, இல்லாத சருகை விலக்கி, ஒவ்வொரு நூல்கண்டாக எடுத்தார். எழுந்திருக்காமல் அப்படியே அடுத்த தூருக்கு நகர்ந்தார்.

“இப்படித்தான்டா. பொழுதுக்கும்.”

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. “இருவது வருஷமா அக்கா ஏறிப் போற சீட்ட நாந்தான் தைக்கிறேன்” என்றார் என்னிடம். “அங்கன போயி எப்படி உக்காருவாகன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.” நானும்தான் கேட்டதில்லை.

மறுபடி அளவெடுத்தோம், இந்தத் தடவை குனிந்த இடுப்பை. விலாவில் படாதபடி முன்பக்கத்தைச் சின்னதாக வெட்டினார். பக்கத்துத் தகடுகளை எடுத்துவிட்டார். ரெக்சினுக்குப் பதில் உள்ளே பழைய பருத்திச் சேலைத் துணி வைத்தார். கொக்கியும் போயிற்று, அந்த இடத்தில் தார்ப்பாய்க்கு அடிக்கிற வளையங்களை அடித்து, இரண்டு பக்கமும் பாவாடை நாடா கோத்தார். நாடா என் யோசனை! ஜீப்பில் இழுத்து இறுக்கிக்கொள்ளலாம். குத்தவைக்கும்போது பார்க்காமலேயே தளர்த்தலாம். எங்களுக்கு நாடா கட்ட யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன? டாக்டரிடம் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போடலாம், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும் என்றார்.

புதன்கிழமை மதினி அவர் சீட்டிலேயே ஏறிப் போனார். சாயங்காலம் கடை வாசலில் இறங்கும்போது நானும் வேண்டுமென்றே அங்கே நின்றிருந்தேன்.

“எப்படிக்கா இருக்கு?”

“நல்லா...” என்று ஆரம்பித்தார். என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

“இடப்பக்கம் கொஞ்சம் உறுத்துதுடா.”

இவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்! “எங்கன? காட்டு, காட்டு” என்று கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சூட்டோடு சூடாக நானும் காலை நீட்டினேன். “ஏங்க... இந்தச் செருப்பும் கடிக்குதுங்க.”