துரை எழுந்து நிற்கும்வரை

ஷரீஃபுதீன் உருகிய அரக்கை உறையின்மேல் சொட்டவிட்டு முத்திரையை அழுத்தினார். மறுநாள் பிராசிக்கியூட்டர் துரை கோர்ட்டுக்கு எடுத்துப் போகும் உறை. உள்ளே இவரே டைப் அடித்த நான்கு வரிகள். திருட்டுச் சைக்கிளை வாங்கியதாகச் சேகு மீரான்மேல் போட்ட வழக்கை அரசாங்கம் நடத்தப் போவதில்லை.

ஆளைப் பிடிப்பது போலீஸ். வழக்கை நடத்துவதும் விடுவதும் துரையின் கையில். மலாக்காவில் பத்தொன்பது ஆண்டுகளில் நான்கு துரைகள் மாறினார்கள். குமாஸ்தா இவர் ஒருவர்தான்.

சேகு மீரானுக்குக் காஜா பேராங் தெருவில் இவர் வீட்டுக்கு அடுத்த வீடு. இவர் மனைவி மௌத்தாகி இவர் தனியாளான பிறகு நோன்பு மாதங்களில் அங்கிருந்துதான் கஞ்சி வரும். இந்த நோன்பில் ஆறாம் நாள் அவரை லாக்கப்பில் வைத்தார்கள். ஏழாம் நாள் கஞ்சி வரவில்லை.

இன்று ஒன்பதாம் நாள். வீட்டில், பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் தின்று தண்ணீர் குடித்து நோன்பு திறந்தார். வாசலில் சேகு மீரானின் மனைவி நஜ்முன்னிசா நின்றாள்.

“நானா, நாளைக்குக் கேஸு. தொர என்ன எழுதியிருக்காரு?”

“எனக்குத் தெரியாதும்மா.”

“டைப் அடிக்கிறது நீங்க. ஒங்களுக்கா தெரியாது?”

“கோர்ட்டுல சொல்வாங்க.”

“புள்ளைங்க வாப்பா எங்கன்னு கேக்குதுங்க. தலையையாவது ஆட்டுங்க.”

முன்பு ஒருமுறை, வேறொரு கைதியின் தகப்பனுக்குத் தலையை ஆட்டியிருக்கிறார். மகன் வந்துவிடுவான் என்று அந்தத் தகப்பன் ஆடு அறுத்துச் சொந்தங்களை அழைத்தார். மறுநாள் கோர்ட்டுப் படியில் இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல, அப்போதிருந்த துரை வழக்கை விடும் கடிதத்தைக் கிழித்தார். மகனுக்கு இரண்டு வருடம் ஜெயில். துரை எழுந்து நின்று வாசிக்கும்வரை அது வெறும் காகிதம். அதை இவளிடம் சொன்னால் கடிதம் இருப்பதையும் சொன்னதாகிவிடும்.

ஷரீஃபுதீன் பேரீச்சங்கொட்டையை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“நாக்குக்கும் அரக்கு வச்சு ஒட்டிட்டாரா ஒங்க தொர? எங்க வீட்டுக் கஞ்சி மட்டும் எறங்குச்சுல்ல?”

அவர் கொட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

“போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டேன்” என்றாள். போய்விட்டாள்.

மறுநாள் பத்தரை மணிக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள். துரை எழுந்து நான்கு வரிகளையும் வாசித்தார். சேகு மீரானை விட்டுவிட்டார்கள். வெளியே அவர் ஷரீஃபுதீனைப் பார்த்து நின்றார். நஜ்முன்னிசா கணவன் கையைப் பிடித்து ரிக்‌ஷாவுக்கு அழைத்துப் போனாள். மதியம் ஷரீஃபுதீன் மூன்று கடிதங்கள் டைப் அடித்தார். ஐந்து மணிக்கு அலுவலகத்தைப் பூட்டினார். நடந்தே வீட்டுக்குப் போனார்.